சுருங்கினால் மட்டும் தண்ணீர்

என் அக்கா கணவர் இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். நான் அவரை மாமா என்பேன். தொழிலில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்பார்கள். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் அவருக்கு ஒரு சின்ன ஸ்பேனர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கல்யாண ஃபோட்டோவை உற்றுப் பார்த்தால் அதிலும் தெரியும். அக்கா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

மாமா கெட்டிக்கார மெக்கானிக். ஆனால் அவர் பெயர் வாங்கியது வேறொன்றில். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கூட வந்த ஆள் மேலே ஓடிப்போய் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார். "பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லவே கூடாது. அதுவரைக்கும் தைரியமா இருந்தவனும் பயந்துடுவான். செருப்பு எங்க வாங்கினீங்க, வீட்டுல எத்தனை பேரு, இப்படி எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்பார்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையை ஒரு வாரம் போட்டால் மூன்று வாரம் மறந்துவிடுவார். தலைவலி என்றால் ஒரு டீ, மறுபடியும் வேலை. ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு நாள், ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ். இடது கையில் சின்ன அறுவை செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே 'கிர்ர்' என்று ஓடுவது தெரியும். வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க, மோட்டார் நல்லா ஓடுது" என்று காட்டுவார். சிரித்துக்கொண்டேதான் காட்டுவார். ஆனால் வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டார். அதை அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

டயாலிசிஸில் ஊசியைவிடக் கொடுமை தாகம். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேற வழியில்லை. குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கி, கால் வீங்கி, கடைசியில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். டீயும் அதில் சேர்த்தி, மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. அக்கா இதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். காலையில் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி மேசைமேல் வைப்பாள். மாமா ஒரு டீ குடித்தால், அதே டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொட்டிவிடுவாள். பாட்டிலில் மிச்சமிருப்பதுதான் அன்றைக்கு மிச்சம். கண்ணுக்கு நேரே தண்ணீரைக் கொட்டும்போது மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை. அதனாலேயே மாமா என்னைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார். எங்கள் கடை ஜன்னலோரம் ஒரு ஜேட் செடி இருந்தது. கட்டைவிரல் நகம் அளவில் குண்டு குண்டாக, பச்சை மெழுகில் செய்ததுபோன்ற இலைகள். யாரும் அதைக் கவனித்ததே இல்லை, ஆனாலும் வருடக்கணக்காக ஜம்மென்று இருந்தது. அதில் வேர்விட்ட கிளை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தொட்டியில் வைத்து, மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, பார்க்க ஒரு பொருளாவது இருக்கட்டும் என்றுதான்.

"இதை எப்படிப் பாத்துக்கணும்?" என்று கேட்டார்.

"பாத்துக்கவே வேணாம் மாமா. வெளிச்சம் இருந்தா போதும். சும்மா விட்டாலே வளரும்."

"நல்லதாப் போச்சு. என்னையும் அப்படித்தான் விட்டிருக்காங்க."

அக்கா என்னை முறைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது செடி சரிந்து கிடந்தது. இலைகள் கண்ணாடிபோல வெளிறி, தொட்டாலே உதிர்ந்தன. தண்டின் அடி கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. ஒரு நாற்றம் வேறு.

"சும்மா விட்டா வளரும்னு சொன்னியே" என்றார் மாமா.

"சும்மா விட்டீங்களா?"

அக்காவின் பார்வை மேசைமேலிருந்த பாட்டிலுக்குப் போனது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. டீக்குக் கணக்காகக் கொட்டும் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. அவர் ஏங்கிப் பார்க்கும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவதா? அதனால் ஒவ்வொரு முறையும் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், இரண்டு மாதமாக.

"அவரால குடிக்க முடியாததை அதாவது குடிக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தார். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைத் தட்டி, செடியை அதன்மேல் கிடத்தினார். பழுதான இயந்திரத்தைப் பிரிக்கும்போது எப்படி இருப்பாரோ அந்த முகம். அந்த முகத்தை நாங்கள் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கண்ணாடி, அந்தக் கத்தியை அடுப்புல காட்டி எடுத்துட்டு வா."

அழுகிய தண்டைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். ஒவ்வொரு வெட்டிலும் உள்ளே பழுப்பு நிறம் இருக்கிறதா என்று பார்த்தார். மேலே போகப்போகப் பழுப்பு மறைந்து வெட்டு சுத்தப் பச்சையாக வந்தது. அங்கே நிறுத்தினார். விரல் நீளத்தில் நான்கு கிளைகள் தேறின. உறுதியாக இருந்த இலைகள் பத்துப் பன்னிரண்டு.

"இப்பவே நட்டுடலாமா?" என்று அக்கா ஆவலாகக் கேட்டாள்.

"வெட்டின இடம் ஈரமா இருக்கு. மண்ணுல வெச்சா மறுபடியும் அழுகும். காயட்டும். ஒரு வாரம்."

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் நான்கு மணி நேரமும் போனில் செடி வீடியோ பார்க்கும் ஒரு மனிதர் இருந்தாராம். சத்தத்தைக் குறைக்கவே மாட்டாராம். "அவனைத் திட்டிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

ஒரு வாரம் அந்தக் கிளைகள் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் செய்தித்தாளில் கிடந்தன. காய்கறி வெட்டின மிச்சம் என்று நினைத்து அக்கா ஒரு முறை குப்பையில் போட்டு, மறுபடி பொறுக்கி எடுத்தாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும் மாமா மண் தயார் செய்தார். பாதி மண், பாதி கரடுமுரடான மணல், உடைத்த செங்கல் துண்டுகள் கொஞ்சம். அடியில் ஓட்டை போட்ட சின்னத் தொட்டிகள். நட்டுவிட்டு இரண்டு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள். மாமா அப்படி உத்தரவு போட்டிருந்தார்.

இலை கல் மாதிரி இருந்தால் செடிக்குத் தேவை இல்லை. இலை மெலிந்து தோல் சுருங்கினால்தான் கேட்கிறது. ஒரு குச்சியை மண்ணுக்குள் விட்டு எடுத்து, அது சுத்தமாக உலர்ந்து வந்தால் அப்போது ஊற்றலாம். ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். இதையெல்லாம் சுருக்கி ஒவ்வொரு தொட்டியிலும் சீட்டு ஒட்டினார்: 'சுருங்கினால் மட்டும் தண்ணீர்.' அக்காவுக்காகத்தான் ஒட்டினார். கொட்டும் தண்ணீரை அவள் அதன்பிறகு தரை துடைக்கும் வாளியில் சேர்த்தாள்.

கோடை முடிவதற்குள் நான்கு தொட்டி ஏழாகியது. உதிர்ந்த இலைகளின் அடியில் நூல் போல வேர் விட்டு, பக்கத்தில் கடுகளவு புது இலை எட்டிப் பார்த்ததை மாமா எனக்குப் போன் செய்து சொன்னார். வேலை நேரம் என்று தெரிந்தும் கூப்பிட்டிருந்தார். கடையில் ஆள் நிற்கும்போது, "குட்டி போட்டிருக்கு கண்ணாடி!" என்று அவர் கத்தியது வெளியே கேட்டது. பூனையா என்று வாடிக்கையாளர் கேட்டார்.

ஒரு தொட்டியை டயாலிசிஸ் பிரிவுக்கு எடுத்துப் போனார். அங்கே தலைமை நர்ஸ் ஒருவர் இருந்தார். நல்ல மனசு, ஆனால் மூக்குக்குமேல் கோபம். "மண்ணையா உள்ள கொண்டு வர்றீங்க? இங்க ஊசி போட்ட கையோட இத்தனை பேர் படுத்திருக்காங்க, கிருமி வந்தா யார் பதில் சொல்றது?" என்று வாசலிலேயே மடக்கிவிட்டார். கடைசியில் அது வெளியே, எடை பார்க்கும் அறைக்கு முன்னால் இருந்த ஜன்னலில் இடம் பிடித்தது. ஒரு தடவை அதில் வெள்ளைப் பஞ்சுபோலப் பூச்சி வந்தபோது, அதே நர்ஸ்தான் பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்துக் கொடுத்து, "சீக்கிரம் துடைச்சிட்டுப் போங்க, யாரும் பார்க்கலை" என்றார்.

அந்த மழைக்காலத்தில்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து சேர்ந்தார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூட யாரும் இல்லை. இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து படுப்பார், கலையாமல் எழுந்து போவார். செடி வீடியோக்காரர் வேறு நேரத்துக்கு மாறிப் போனதால் அவர் கட்டில் இவருக்குக் கிடைத்தது. முதல் நாளே மாமா ஆரம்பித்தார்.

"டீச்சருக்கு எந்தப் பக்கம் வீடு?"

"கொஞ்சம் அமைதியா இருக்கீங்களா?"

மாமா அமைதியாக இருந்தார். ஒன்றரை மாதம். அவர் வாழ்க்கையில் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுவே முதல் முறை என்று அக்கா சொல்வாள்.

பிறகு ஒரு நாள், பாதி டயாலிசிஸில், ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீரை வேகமாக இழுக்கும்போது அப்படி ஆகும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கத்தக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து காலை நீவி, இயந்திரத்தில் எதையோ குறைத்தார். மாமா கூரையைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவை ஒரு துணிக்கடை லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார். கையில ஒரு பெரிய கேக்கு. ரெண்டு மணி நேரம். வெளிய இருந்து நான் கேட்டேன், சார் கேக்கு என்ன ஆச்சுன்னு. பத்திரமா இருக்குன்னார். அரை மணி கழிச்சுக் கேட்டேன், பத்திரமா இருக்குன்னார். ஒரு மணி கழிச்சுக் கேட்டேன். பதிலே இல்ல."

"அப்புறம்?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய குரல்.

"கதவைத் திறந்தோம். கேக்கு இல்ல. பொண்டாட்டி பேரை மட்டும் சாப்பிடாம விட்டு வெச்சிருந்தார்."

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டார். கால் வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால் அது ஒரு விசித்திரமான சத்தமாக இருந்தது. நர்ஸ் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள். ஜன்னலில் இருக்கும் செடியைப் பற்றி ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். மாமா அடுத்த முறை அவருக்கென்று ஒரு தொட்டி கொண்டு போனார், சீட்டோடு.

"எனக்கு எதையும் வளர்த்துப் பழக்கமில்லை" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "நான் ஊர்ல இல்லன்னாலும் இருக்குமா?"

"ஒரு மாசம் திரும்பிப் பார்க்கலைன்னாலும் இருக்கும் டீச்சர்."

"அப்ப சரி. எனக்கப்புறம் யாரும் இதுக்காகக் கஷ்டப்பட வேண்டியதில்ல."

அந்தப் பேச்சு மாமாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் வரவில்லை. மாமா விசாரித்தார். தலைமை நர்ஸின் முகம் சரியில்லை.

"போன் பண்ணினேன். 'இனிமே வரல, போதும்'னு சொல்லி வெச்சுட்டாங்க. டாக்டரும் பேசினார். அதே பதில்தான்."

"போதும்னா?"

"போதும்னா போதும்தான். வேணாம்னு சொல்றவங்களைக் கட்டி இழுத்துட்டா வர முடியும்?"

டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம் என்பது அங்கே படுத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மாமா அன்று வீட்டுக்கு வந்து டீ வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. காலையிலேயே போன் வந்தது.

"கண்ணாடி, வண்டியை எடுத்துட்டு வா. டீச்சர் வீட்டுக்குப் போகணும்."

"அவங்க என்ன சொல்வாங்களோ. நாம யாரு மாமா அதுல தலையிட?"

"செடியைப் பார்க்கப் போறேன். அதுக்குமா அனுமதி வேணும்?"

அக்காவும் கிளம்பிவிட்டாள். மாமாவை நம்பித் தனியாக அனுப்ப அவள் தயாராக இல்லை.

அது நான்கு மாடிக் கட்டடம், பழையது. ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மாமா அதன் முன்னால் நின்றுவிட்டார். காவலாளி வந்து பார்த்து, "ஸ்பேனர் அண்ணனா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முன்பு மாமா லிஃப்ட் பார்த்த வேறொரு கட்டடத்தில் இருந்தவனாம்.

"எத்தனை நாளா நிக்குது?"

"ஒன்பது நாளாச்சு அண்ணே. யார் கம்பெனியைக் கூப்பிடறதுன்னு இவங்களுக்குள்ள சண்டை. ஒரு வழியா கூப்பிட்டிருக்காங்க, திங்கக்கிழமைதான் வருவாங்களாம்."

"மூணாவது மாடி டீச்சர் எப்படி ஏறி இறங்கறாங்க?"

"இத்தனை நாளும் நின்னு நின்னு எப்படியோ ஏறி இறங்கினாங்க அண்ணே. நேத்து இறங்கப் பார்த்தாங்க. ரெண்டாவது மாடியிலயே உக்காந்துட்டாங்க. நாற்காலியில வெச்சு ரெண்டு பேரா தூக்கிட்டுப் போறோம்னு சொன்னேன். 'நான் என்ன மூட்டையா?'ன்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி மேல போயிட்டாங்க."

மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

என்னைத்தான் முதலில் மேலே அனுப்பினார். மணி அடித்து வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஹெட்மிஸ்ட்ரஸின் முகம் உப்பியிருந்தது, கண்கள் இடுங்கியிருந்தன. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"யாரும்மா நீ?"

"ஸ்பேனரோட மச்சினி. மாமா செடியைப் பார்க்க வந்திருக்கார், கீழ நிக்கறார்."

"செடியையா?" என்றவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

ஜன்னலில் தொட்டி இருந்தது. பக்கத்தில் புத்தக அடுக்கு, ஒரு நாற்காலி. செடியின் இலைகள் ஒவ்வொன்றும் வற்றிச் சுருங்கிக் கிடந்தன.

"தண்ணி ஊத்தலையா டீச்சர்?"

"ஊத்தக்கூடாதுன்னு அவர்தானே சொன்னார்?"

"சுருங்கினா ஊத்தணும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் குனிந்து சீட்டைப் படித்தார். "எனக்கு இது சுருங்கினதா, இல்ல இப்படித்தான் இருக்குமான்னு தெரியல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டென்று அழ ஆரம்பித்தார். "முப்பத்தாறு வருஷம் ஒரு நாள் தாமதமா போனதில்லம்மா. நேத்து ஒரு மாடி இறங்கறதுக்குள்ள... போறவங்க வர்றவங்க எல்லாம் கேட்டாங்க, யாருக்காக உக்காந்திருக்கீங்கன்னு. ஆளுக்காகக் காத்திருக்கேன்னு பொய் சொன்னேன். இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சி வாழணுமா? போதும்னு தோணிடுச்சு."

மாமாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"அவங்களைக் கேளு. வர்றேன்னா கூப்பிடு" என்றார் மாமா.

"ஸ்ட்ரெச்சர்லயா? மாட்டேன்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"லிஃப்ட் ஓடினா வருவாங்களான்னு கேளு."

கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்றார் மாமா. "அதுக்குள்ள முடியலைன்னா நான் சொன்னேன்னு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடு. அப்புறம் என்னைத் திட்டிக்கட்டும்."

காவலாளியிடம் மொட்டைமாடி அறைச் சாவி இருந்தது. உள்ளே போய்க் கரண்டை நிறுத்த வேண்டும். அவன் கரண்ட் என்றாலே கிட்டே போக மாட்டேன் என்றான். ஆகவே நான். கிரீஸ் நாற்றம் அடிக்கும் அந்த இருட்டறையில், ஆளுயர இரும்புப் பெட்டிக்கு முன்னால், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே புரியல மாமா!"

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி. ஏன்?"

"தொட்டுக்க என்ன?"

சொன்னேன். பேசிக்கொண்டே இருக்கும்போது எதிரே சிவப்புக் கைப்பிடி இருப்பது கண்ணில் பட்டது. "அதைக் கீழ இறக்கு" என்றார். இறக்கினேன். என்னையும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆளைப்போல நடத்தியிருக்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது.

கீழே மாமா வேலையை ஆரம்பித்திருந்தார். காவலாளி எங்கிருந்தோ கருவிப் பையும் டார்ச்சும் கொண்டு வந்தான். அந்த மாதிரிப் பழைய லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். கதவு மூடியதும் அது தொட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாடியில் தொடாவிட்டாலும், கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து லிஃப்ட் அசையாது. எந்த மாடி என்று தேட வேண்டும். மாமா நான்கு படி ஏறினார், நின்றார். அக்கா கையில் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருந்தாள். விரித்துப் போட்டாள், உட்கார்ந்தார். மறுபடி நான்கு படி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேணாம்ங்க. போதும் வாங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றாள் அக்கா.

"இன்னும் ஒரு மாடிதான்."

தரைத்தளம் சரியாக இருந்தது, முதல் மாடியும் சரியாக இருந்தது. இரண்டாவது மாடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்ததும் "ஆ" என்றார். யாரோ சாமான் ஏற்றும்போது இடித்திருக்கிறார்கள். தகடு வளைந்து, கறுத்துப் போயிருந்தது. அதை நேராக்கி, உப்புத்தாளால் தேய்த்து, திருகாணியை முடுக்கினார். விரல்கள் அவசரப்படவே இல்லை. அக்கா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது தகட்டை அல்ல, அவர் விரல்களை.

நான் கைப்பிடியை மேலே ஏற்றினேன். கட்டடத்தின் நடுவே ஒரு உறுமல் கேட்டது. லிஃப்ட் அசைந்தது. முதலில் ஆளில்லாமல் இரண்டு முறை மேலும் கீழும் அனுப்பினார். பிறகு தாமே ஏறி இரண்டு முறை போய் வந்தார். அதற்கப்புறம்தான் மூன்றாவது மாடிக்கு வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் உடை மாற்றி, தலை வாரி, கைப்பையோடு வாசலில் நின்றார்.

"நீங்க செடியைப் பார்க்க வந்ததா சொன்னாங்க."

"அதுக்குத்தான் வந்தேன் டீச்சர். லிஃப்ட் இல்லாம எப்படிப் பார்க்கறது?"

மாமா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரைத் தொட்டியில் மெதுவாக ஊற்றினார். மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தாகம்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. தலைமை நர்ஸ் அவசரமாக ஓர் இயந்திரத்தைக் காலி செய்து ஹெட்மிஸ்ட்ரஸைப் படுக்க வைத்தார். நான்கு கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் நெஞ்சில் இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். மாமா படியேறின கதையைக் கேட்டதும் நர்ஸ் அவரை நிற்க வைத்துத் திட்டினார். ரத்த அழுத்தம் பார்த்தபடியே திட்டினார், பார்த்து முடித்தும் திட்டினார். மாமா பள்ளிப் பையனைப்போலத் தலை குனிந்து நின்றார். ஆனால் அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே படுத்துவிட்டார். சாயங்காலம்வரை தூக்கம். அக்காவும் நானும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தக் கை இனிமே எதுக்கு ஆகும்னு தினமும் கேப்பார்டி" என்றாள் அக்கா. "நானும் ஏதாவது சொல்லி சமாளிப்பேன். இன்னிக்கு எனக்குச் சமாளிக்க வேண்டிய அவசியமே வரல." அதைச் சொல்லிவிட்டு அவள் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சேர்ந்து வர, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் அதற்குப்பிறகு ஒரு நாளும் டயாலிசிஸைத் தவறவிட்டதில்லை. வரும் வழியில் ஏதாவது என்றால் முதல் போன் மாமாவுக்குத்தான் வருகிறது. கேட்பதற்கு அவர் கூச்சப்படுவதை நிறுத்திவிட்டார். எப்படி நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அவர் கட்டடத்துக்காரர்கள் மாதம் ஒரு முறை லிஃப்டைப் பார்க்கச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் தம்மால் முடியாது என்று சொல்லி, முன்பு தம்மோடு வேலை பார்த்த ஆளை ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் அந்த ஆள் வேலை செய்யும் நாளில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு குறை சொல்லத் தவறுவதில்லை.

செடிகள் இப்போது நிறைய வீடுகளில் இருக்கின்றன. எங்கள் கடைக்கே ஒன்று திரும்பி வந்தது. டயாலிசிஸ் பிரிவில் சிலர் எடுத்துப் போனார்கள். அவர்களில் சிலர் இப்போது இல்லை. ஒருவருடைய மகள் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வேண்டாம், வைத்துக்கொள்ளம்மா என்றார் மாமா.

போன மாதம் நானும் ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தொட்டியை நல்ல வெயில் படும் ஜன்னலுக்கு மாற்றியிருந்தார். செடி முழங்கை உயரத்துக்கு வளர்ந்து, இலைகளின் ஓரமெல்லாம் சிவப்பு மை தடவியதுபோல ஆகியிருந்தது. மாமா அதைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"வெயில் சுட்டிருக்கு டீச்சர். தள்ளி வைங்க."

"சுட்டதில்ல. அது அழகு."

"இருபது செடி வளர்த்தவன் சொல்றேன்."

"முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினவ சொல்றேன். புத்தகத்துல போட்டிருக்கு, நல்ல வெளிச்சம் கிடைச்சா ஓரம் சிவக்கும்."

"எந்தப் புத்தகம்? காட்டுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து புத்தக அடுக்குக்குப் போனார். மாமா சும்மா இருப்பாரா, பின்னாலேயே போனார். அக்கா என்னைப் பார்த்து, "இன்னிக்கு நாம சீக்கிரம் வீடு போய்ச் சேர மாட்டோம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.